மரத்துப்போன காலோடு தாம்பரம் வரை

மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு நான் கடத்திவந்தது என்னுடைய வலது காலைத்தான். விமான நிலையச் சுங்கத்தில், "தங்கம் ஏதாவது?" என்று ஓர் அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். இல்லை என்றேன். குரல் நடுங்கியது. தங்கம் கொண்டுவருகிறவன்கூட அப்படி நடுங்கமாட்டான். சந்தேகப்பட்டு என் பெட்டியைத் திறந்து பார்த்தார். பேரீச்சம்பழம், பாதாம், நாலு வகைத் தேமல் களிம்பு. "இவ்வளவு களிம்பு எதுக்கு சார்?" என்றார். மச்சானுக்கு என்று சொன்னேன். பாவம் அவன், பளிங்குபோல் தோல் உள்ளவன்.

மஸ்கட்டில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் செம்பு நிறத்தில் ஒரு படை, ஒரு வருஷமாக வாடகை தராமல் குடியிருந்தது. தேமல் என்று நினைத்துக் களிம்பு போட்டேன். போகவில்லை. ஒரு நாள் கடையில் கொதிக்கக் கொதிக்க இருந்த, பால் விடாத கட்டஞ்சாயா அதன்மேல் கவிழ்ந்தது. நான் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசை மலையாளி நண்பர்தான் என் சார்பில் குதித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் இணையத்தில் என் நோய் தொழுநோய் என்று நானே கண்டுபிடித்து, மனசுக்குள் பத்து விரல்களையும் இழந்து, உயிலையும் எழுதி முடித்துவிட்டேன். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினால் செய்தி எனக்கு முன்னால் கடைக்கு வந்துவிடும் என்று பயம். மனைவி வசந்தியிடம் சொல்ல அதைவிடப் பயம். குறட்டை விடுகிறேன், உன் தூக்கம் கெடும் என்று சொல்லிப் படுக்கையறையிலிருந்து கூடத்து சோபாவுக்குக் குடிபெயர்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்திருந்த கோரிக்கை அது. மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள்.

சில மாதங்கள் கழித்து, தாம்பரத்துக்குத் தெற்கே இந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவ ஆராய்ச்சி மையம் இருப்பதாகப் பழைய நண்பன் ஒருவன் சொன்னான். ஊரப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு ப்ளாட் உண்டு. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், பெயின்ட் அடிக்க வேண்டும் என்று வசந்தியிடம் ஒரு காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தங்குவது ராஜகீழ்ப்பாக்கத்தில், வசந்தியின் தம்பி சேகர் வீட்டில். இங்கேதான் சிக்கல். சேகர் அன்பானவன். அவன் அன்பு கையால் செய்கிற அன்பு. கட்டிப்பிடிப்பான், தோளில் சாய்வான், என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பான், என் துண்டில் முகம் துடைப்பான். அவனை எப்படி எட்டி நிற்கச் சொல்வது? விமான நிலையத்திலிருந்து தாம்பரம் வந்து இறங்கியதும், மார்க்கெட்டில் ஒரு பூஜைக் கடையைப் பார்த்தேன். வாசலில் துளசிமணி மாலைகள் தொங்கின. அந்தக் கணத்தில் என்னை ஒரு மேதை என்று நினைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். சபரிமலைக்கு மாலை போட்டவரை யாரும் கட்டிப்பிடிக்கமாட்டார்கள். தனித்தட்டு, தனிச்சொம்பு, தரையில் தனிப்பாய். தொற்று வந்தவனுக்கு வேண்டிய அத்தனை வசதியையும் ஐயப்பன் ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறார். கறுப்பு வேட்டி கட்டினால் படையும் மறைந்துவிடும். முறைப்படி கோயிலில் குருசாமி கையால் போட்டுக்கொள்ள வேண்டும். நான் ஷேர் ஆட்டோவின் கண்ணாடியைப் பார்த்து நானே போட்டுக்கொண்டேன்.

"இன்னா சாமி, எல்லாரும் கோயில்ல போட்டுக்குவாங்க. நீ என் வண்டியில போட்டுகினு கீற" என்றார் டிரைவர். ஆனால் அதன்பிறகு என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். பொய்க்குக் கிடைத்த முதல் தட்சிணை.

நான் மறந்துபோனது ஒன்றே ஒன்று. மாலை போட்டவரைக் கட்டிப்பிடிக்கமாட்டார்கள், சரி. காலில் விழுவார்கள்.

சேகர் கதவைத் திறந்தான். "மாமா... சாமியா? அக்கா சொல்லவேயில்ல" என்றவன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகக் காலைப் பிடித்தான். அவன் மனைவி மாலதி பின்னாலேயே வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிர்வீட்டு நடராஜன் சார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வருஷம் தவறாமல் மலைக்குப் போகிற குருசாமி. கார்த்திகை பிறக்குமுன்பே மாலை போட்டவர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு விரைந்து வந்தார். இரண்டு கைகளையும் சரியாக அந்தப் படையின்மேலேயே வைத்து வணங்கினார். அவர் கை பட்டதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று பகல் முழுவதும் காலனி என் காலில் விழுந்தது. ஒவ்வொருவர் விழும்போதும் மனசுக்குள் ஒரு ஆளை நோயாளிகள் கணக்கில் சேர்த்துக்கொண்டே வந்தேன். தொழில் புத்தி. மாலதி வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்தாள். மஸ்கட்டில் கடைக்குக் கீழேயே பரோட்டாவும் மட்டன் சால்னாவும் கிடைக்கும். அதைவிட்டு வந்து, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் முழுக்க பிரியாணி மணக்க, நான் பூசணிக்காய்க் கூட்டைப் பக்தியோடு விழுங்கினேன்.

மறுநாள் காலை, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆராய்ச்சி மையத்துக்குக் கிளம்பினேன். வெறுங்காலோடு. சாமி செருப்புப் போடக் கூடாதே. தாம்பரம் ஸ்டேஷனில் பதற்றத்தில் ஓடிப்போய் முதலில் நின்ற வண்டியில் ஏறினேன். ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். மடியில் இருந்த குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்யச் சொன்னார். தலைக்கு ஓரங்குல உயரத்தில் கையைக் காற்றில் நிறுத்தி ஆசீர்வதித்தேன். இது ஏதோ உயர்ந்த முறைபோல என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

அப்போது ஒலிபெருக்கியில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொன்னார்கள்: தாம்பரம் சானடோரியம். நான் தெற்கே போக வேண்டியவன், வடக்கே போகும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில்வே துறைக்கே என் விஷயம் தெரிந்து, என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடப் பார்க்கிறது என்றுதான் தோன்றியது.

இறங்கி எதிர்த்திசை வண்டிக்காக நின்றேன். வெயில் ஏறியிருந்தது. பிளாட்பாரத்தில் இடது கால் தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர்போலத் துள்ளியது. வலது கால் கடற்கரையில் காற்று வாங்குவதுபோல நின்றது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆராய்ச்சி மையம் வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு பழைய கட்டடம். நான் எதிர்பார்த்தது ஒரு சிறைச்சாலை. அங்கே இருந்தது பினாயில் வாசனை, மின்விசிறி, வரிசை நாற்காலிகள், பொறுமையான மனிதர்கள். உட்கார்ந்திருந்தபோது, துடைப்பத்தோடு வந்த அம்மா நின்று, "யார் கால்லங்க ரத்தம்?" என்று கேட்டார். வெள்ளைத் தரையில் வாசலிலிருந்து சிவப்பாகச் சுவடு வந்திருந்தது. ஐயோ, யாரோ பாவம் என்று நானும் எழுந்து ஒவ்வொருவர் காலாகப் பார்த்தேன். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

வலது பாதத்தின் விளிம்பில் ஒரு பாட்டில் கண்ணாடிச் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. எங்கே ஏறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுவரை என் பயமெல்லாம் நான் கட்டிய கோட்டை. அந்தச் சில்லைப் பார்த்தபோது முதல்முறையாக நிஜமாகவே பயந்தேன். அதில் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

டாக்டர் எஸ்தர் என் வயதுக்காரர். காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்டார். "செருப்பு எங்க?" மாலையைக் காட்டினேன். பிறகு, அவர் கேட்காமலேயே, ஷேர் ஆட்டோ கண்ணாடிவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்சம்மா திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் காலில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். "தெரியுது" என்றேன். "தெரியுது." அப்புறம் ரொம்ப நேரம் அமைதி. அவர் போன் பார்க்கப் போய்விட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், இழை என் படையின் நடுவில் வளைந்து நின்றுகொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே விரலால் உருட்டி, நரம்பு தடித்திருக்கிறது என்றார். காதுமடலில் ஒரு சின்னக் கீறல், படையிலிருந்து அரிசி அளவு தோல். முடிவு வரச் சில நாள் ஆகும், ஆனால் தனக்குச் சந்தேகமில்லை என்றார். தொழுநோய்தான். அதில் இடைநிலை வகை.

"தாம்பரத்துல ட்ரெய்ன் ஏறினீங்கல்ல? இந்த நோயில பீச் ஸ்டேஷன் ஒரு முனை, செங்கல்பட்டு ஒரு முனை. ஒரு முனைல உடம்பு நல்லா சண்டை போடும், படை ஒண்ணு ரெண்டோட நின்னுடும். இன்னொரு முனைல உடம்பு சண்டையே போடாது, கிருமி எல்லா இடத்துலயும் பரவும். நீங்க நடுவுல, தாம்பரத்துல நிக்கறீங்க. எந்தப் பக்கம் போறதுன்னு உங்க உடம்பு இன்னும் முடிவு பண்ணல."

"டாக்டர், என் வீட்டில் சட்டை நிறத்தைக்கூட நான் முடிவு பண்ணியதில்லை" என்றேன். இப்போதுதான் சிரித்தார்.

அவர்களுடைய ஆராய்ச்சியே இந்த நடுவில் நிற்கிறவர்களைப் பற்றித்தானாம். மருந்து கிருமியைக் கொன்றுவிடும், அதில் சிக்கலில்லை. ஆனால் நடுவில் இருப்பவர்களின் உடம்பு திடீரென்று விழித்துக்கொண்டு சண்டையைத் தொடங்கும்போது, சொந்த நரம்பையே அடித்துவிடும். கை கால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். யாருக்கு அது வரும் என்று முன்கூட்டியே ரத்தத்திலும் தோலிலும் தெரிந்துகொள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள். நான் சம்மதித்தால் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். சம்மதித்தேன். பள்ளிக்கூடத்தில் கபடிக்குக்கூட யாரும் என்னைச் சேர்த்ததில்லை.

காலில் விழுந்தவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்ப வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை, இது தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை என்றார். நெடுநாள் கூடவே வாழ்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் வாய்ப்பு, அவர்களிலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை, மாத்திரை தொடங்கிவிட்டால் சீக்கிரமே பரவாமலும் போய்விடும். பிறகு, "வீட்டம்மாவைக் கட்டாயம் பரிசோதிக்கணும். எப்ப வருவாங்க?" என்றார். அவர் சொன்ன நல்ல செய்திகள் எல்லாம் காதில் விழாமல் போய், அந்தக் 'கட்டாயம்' மட்டும் உள்ளே நின்றது. நான் வசந்தியைத் தள்ளிவைத்தது சில மாதங்கள். படையோடு அவள் பக்கத்தில் படுத்திருந்தது அதற்கு முந்தைய மாதங்கள் எல்லாம். கொடுத்துவிட்டேனோ?

மரத்தடிக் கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். எதிரே நீலச் சட்டையில் ஒருவர். பெயர் எத்திராஜ், திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். "இன்னா சாமி, புதுசா?" என்று அவரே பேச்சைத் தொடங்கினார். அவரும் இடைநிலைதான். மாத்திரை பாதியில் இருந்தபோது ஒரு வாரத்தில் படையெல்லாம் சிவந்து, சுண்டுவிரல் மடங்கி, கையில் டம்ளர் நிற்கவில்லையாம். உடனே ஓடிவந்ததால் வேறு மாத்திரை கொடுத்துக் கையை மீட்டுவிட்டார்கள். சுண்டுவிரல் மட்டும் இன்னும் லேசாக வளைந்திருந்தது.

"டாக்டரம்மா ரயிலுன்னு சொல்லியிருப்பாங்களே. அவங்க படிச்சவங்க. நான் இன்னா சொல்றேன்னா, நாம நடுரோட்ல நின்னுகினு கீறோம். லாரி எந்தப் பக்கம் வருதுன்னு அவங்க பாத்துகினு கீறாங்க. கூப்டா ஓடியாந்துரணும், அவ்ளோதான். அப்புறம் சாமி, மொத மாத்திரை போட்டா ஒண்ணுக்கு செக்கச்செவேல்னு போவும். பயந்துகினு ஆம்புலன்சுக்கு அடிச்சுராத."

பேசிக்கொண்டே தன் தட்டிலிருந்த மசால்வடையைப் பிட்டு, அந்த வளைந்த விரலோடு, பாதியை என்னிடம் நீட்டினார்.

என் கை ஒரு கணம் நின்றது. அதே நோய், அதே வகை, அதே டாக்டர். ஆனாலும் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை, நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. வாங்கித் தின்றேன். விரதம் இருக்கும் சாமி வெங்காயம் போட்ட மசால்வடையைத் தின்றதை மொத்தக் கேன்டீனும் பார்த்தது.

"வூட்ல சொல்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மனைவி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லையாம். மறுநாள் சாப்பாட்டுப் பையில் மாத்திரையையும் சேர்த்து வைத்துக் கொடுத்தாளாம். அவளையும் பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை. "நீ சொல்லாம வச்சுகினு கீறியே, அதான் சாமி பெரிய பேஜாரு."

நான் கிளம்பும்போது டாக்டர் எஸ்தர் மையத்திலிருந்தே மெத்தென்ற செருப்பு ஒன்றைக் கொடுத்தார். இனி வீட்டுக்குள்கூட வெறுங்கால் கூடாது. தினமும் காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், கால் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். மாலை? "அது உங்களுக்கும் ஐயப்பனுக்கும். செருப்பு எனக்கும் உங்களுக்கும்" என்றார், கழுத்துச் சிலுவையைச் சரிசெய்தபடி.

செருப்புப் போட்ட சாமி ராஜகீழ்ப்பாக்கத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம். எதிர்வீட்டு நடராஜன் சார் வாசலிலேயே வாயைப் பிளந்தார். சேகர், "சாமி, செருப்பு..." என்று இழுத்தான். அதற்கு ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. ஏனோ வெளியே வரவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னேன்.

சேகர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினான். எழுந்து போய் நெடுநேரம் கை கழுவினான். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலதி பள்ளி ஆசிரியை. கேள்விகளாகக் கேட்டாள்: எந்த டாக்டர், என்ன மாத்திரை, எத்தனை மாசம். கடைசியில், "அண்ணா, அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன். "முதல்ல அத பண்ணுங்க" என்று போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். சேகர் ஈரக்கையோடு திரும்பி வந்து, முன்பு நகர்த்திய நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "எதிர்வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க மாமா. அவர் சானிடைசர்லயே குளிப்பார்."

வசந்தியிடம் சொல்ல நாலைந்து நகைச்சுவைகள் தயார் செய்திருந்தேன். முதலாவதுக்கே அவள் சிரிக்கவில்லை. மற்றவற்றை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அப்ப சோபால படுத்தது குறட்டைக்கு இல்ல" என்றாள்.

இல்லை என்றேன். "டிக்கெட் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் வந்து சேரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாலதி என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய், அர்ச்சகரிடம் விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்கவைத்து மாலையைக் கழற்றினாள். மாத்திரை தொடங்கியது. எத்திராஜ் முன்கூட்டியே சொல்லியிருந்தும், முதல் நாள் குளியலறையிலிருந்து நான் போட்ட கூச்சலில் சேகர் கதவை உடைக்கப் பார்த்தான்.

விமான நிலையத்தில் வசந்தி என்னைப் பார்த்ததும் முதலில் காலைத்தான் பார்த்தாள். செருப்பையும் கட்டையும் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள். குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலுக்கு ஒண்ணும் தெரியல, சரி. இத்தன மாசம் பக்கத்து ரூம்ல ஒருத்தி இருக்காளேன்னு மனசுக்குமா தெரியல?" பச்சை விழுந்தும் எங்கள் வண்டி கொஞ்சநேரம் நகரவில்லை. டிரைவரும் கேட்டுக்கொண்டிருந்தார்போல.

நேராக மையத்துக்கே போனோம். டாக்டர் எஸ்தர் அவளை உட்காரவைத்து, கை, கால், முதுகு என்று பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். முழங்கையில் லேசாக வெளுத்த ஓர் இடம். அதை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததேயில்லை. டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு இழையை எடுத்தார்.

புறங்கை. "தெரியுது."

மணிக்கட்டு. "தெரியுது."

முழங்கையின் வெளுத்த இடத்தில் இழை இறங்கியது. வளைந்தது. வசந்தி பேசவில்லை. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. எனக்கு அது முழுசாக ஒரு வருஷம்.

"தெரியுது" என்றாள். "கூசுது."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வறண்ட தோல்தான், ஒன்றுமில்லை என்று உதட்டசைவில் சொன்னார். இழை அவள் தோளுக்குப் போனது, தெரியுது, மறு கைக்குப் போனது, தெரியுது. அவள் சொல்லச் சொல்ல நான் என்னை அறியாமலேயே எழுந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். விரித்துவைத்திருந்த அவள் உள்ளங்கையில் ஒரு விரலை, எடையே இல்லாமல், வைத்தேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரலைச் சுற்றிக் கையை மூடிக்கொண்டாள்.

"டாக்டர், இது நீங்க இல்ல" என்றாள்.